துண்டு துண்டாக ஒரு நாடு: எல்லை எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கேட்டது இது. கற்பனை நாடு ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறீர்கள். இரண்டு அரசுகளுக்கு நடுவே ஓர் ஆற்றை எல்லையாக வரைந்திருந்தீர்கள். நண்பர் ஒருவர் "புதுச்சேரி மாதிரி துண்டு துண்டாக வைத்துப் பார்" என்றார். அப்படி ஒரு நாட்டை வாசகர் நம்புவாரா, அப்படிப்பட்ட எல்லை எப்படித்தான் உருவாகிறது என்பது கேள்வியின் முதல் பாதி. உங்கள் கதாநாயகன் இரவோடு இரவாக எல்லையைத் தாண்டியதும் துரத்தி வந்த வீரர்கள் நின்றுவிடுகிறார்கள், உண்மையில் நிற்பார்களா என்பது இரண்டாம் பாதி. வரைபடம் பற்றிக் கேட்பதுபோல் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். ஓர் அரசின் கை எதுவரை நீள்கிறது, ஏன் சரியாக அந்த இடத்தில் நின்றுபோகிறது? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் வரைபடம் தானாக வந்துவிடும்.

நான் கடலூர்க்காரன். நில அளவராக 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி புதுச்சேரியை ஒட்டிய கிராமங்களில் போயிற்று. சங்கிலி பிடிப்பதில் ஆரம்பித்து ஜி.பி.எஸ். கருவியோடு முடித்தேன். நிலம் எனக்கு நடந்து தெரிந்தது, வரலாறு படித்துத் தெரிந்தது. கீழே சொல்வதில் எது ஆவணத்தில் இருப்பது, எது செவிவழிச் செய்தி, எது நானாக எடுத்த முடிவு என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பஸ் பயணம். புதுச்சேரியில் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமாகப் போங்கள். முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடுதான். அப்புறம் காலாப்பட்டு வரும், மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிகுளம் வரை அப்படியே போய், அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஒரு சின்னப் பயணத்துக்குள் மூன்று முறை ஆட்சி மாறுகிறது. கடல் அப்படியே இருக்கிறது, பேச்சு அப்படியே இருக்கிறது. மதுக்கடைப் பலகையும் பெட்ரோல் விலையும் வண்டி நம்பரின் முதல் இரண்டு எழுத்தும்தான் மாறுகின்றன. இது புதுச்சேரிப் பகுதிக்குள் மட்டும். காரைக்கால் தெற்கே காவிரிக் கடைமடையில் இருக்கிறது. ஏனாம் கோதாவரிக் கரையில், சுற்றிலும் ஆந்திரம். மாஹே மேற்குக் கடற்கரையில், சுற்றிலும் கேரளம், பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர். இவை எல்லாம் சேர்ந்து ஒரே ஆட்சிப்பகுதி. ஆகவே வாசகர் நம்புவாரா என்று கவலைப்பட வேண்டாம். நாம் தினமும் டிக்கெட் எடுத்துக் கடந்து போகிற ஒன்று இது. ஏன் அப்படி ஆயிற்று என்பதைக் கதைக்குள் காட்டாமல் விட்டால்தான் நம்பமாட்டார்.

ஏன் அப்படி ஆயிற்று? "வெள்ளைக்காரன் வரைபடத்தில் தாறுமாறாகக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டான்" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் பார்த்தவரை அது தவறு. இந்த எல்லையை யாரும் கோடாகப் போடவே இல்லை. 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்காகக் காலூன்றியபோது, பிஜப்பூர் சுல்தானின் ஆளான ஷேர்கான் லோடியின் இசைவோடு கிடைத்தது கடலோரத்தில் ஓர் இடம். 1739-ல் காரைக்கால் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து வந்தது. 1749-ல் ஆம்பூர்ப் போருக்குப் பிறகு, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் பக்கத்திலிருந்து வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் கைமாறியவை ஊர்கள். "இந்தந்த ஊரின் வருவாய் இனி உனக்கு" என்பதுதான் பேச்சு. 1783-ல் பிரிட்டனும் பிரான்சும் வெர்சாயில் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பாருங்கள். உலகம் முழுக்க நடந்த ஒரு போரை முடித்துவைத்த தாள் அது. அதில் புதுச்சேரியைச் சுற்றி வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டு பகுதிகளும், காரைக்காலைச் சுற்றி நான்கு மாகாணங்களும் பிரான்சுக்குச் சேரும் என்று வருகிறது. மாகாணம் என்பதை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு, அவ்வளவுதான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் பாகூர் ஏரியைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். இங்கே இருந்த கணக்குப்பிள்ளைகளின் ஊர்ப்பட்டியல்தான் அவர்களுக்கு வரைபடம்.

அந்தப் பட்டியலில் இருக்கும் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓர் ஊர் கோயிலுக்கு மானியமாக இருக்கும். அடுத்த ஊர் ஒரு படைத்தலைவனுக்கு ஜாகீராக, அதாவது சேவைக்காகக் கொடுத்த வருவாய் உரிமையாக, இருக்கும். அதற்கடுத்தது நேராக நவாபின் கஜானாவுக்குக் கட்டும். நடுவில் இருக்கும் ஒன்று வேறு சீமைக்குச் சேர்ந்ததாக இருக்கும். எல்லாம் ஒரே அரசனுக்குக் கீழே இருந்தவரை இந்தக் கலப்பால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரு நாள் அதில் சில ஊர்கள் பிரெஞ்சுக்காரர் பக்கமும் மீதி ஆங்கிலேயர் பக்கமும் போயின. வயல் வரப்பாக இருந்தது இரண்டு வல்லரசுகளுக்கு நடுவிலுள்ள எல்லையாகிவிட்டது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்: நாட்டின் எல்லையைவிட ஊரின் எல்லை பழையது. அரசுகள் தங்கள் எல்லையைப் புதிதாக உண்டாக்கியது குறைவு. ஊர்களின் எல்லைகளை எடுத்து ஒன்றோடொன்று தைத்துக்கொண்டதே அதிகம்.

ஊரெல்லைக்கு எவ்வளவு வயது என்று பார்க்க வேண்டுமென்றால் அதே பாகூருக்குப் போகலாம். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. கொடுத்தது ஊராகத்தான். பின்னால் வந்த சோழர் செப்பேடுகளில் இந்தச் சடங்கு இன்னும் விரிவாக வரும். தானம் கொடுத்த ஊரைச் சுற்றி ஒரு பெண் யானையை நடத்தி, அது நடந்த வழியே எல்லை என்று வைத்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். "பிடி சூழ்ந்து" என்பது அதற்கான சொல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. கல்லும் கள்ளியும்தான் நாங்களும் தேடிக்கொண்டிருந்தோம். சர்வே கல் காணாமல் போன இடத்தில் பழைய கள்ளிவேலியின் தடமும், வரிசையாக நிற்கிற பனைமரமும், எல்லையில் உட்கார்ந்திருக்கிற அய்யனாரும்தான் எங்களுக்கு வழிகாட்டி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, பிரனீஸ் மலையில் லிவியா என்ற சின்ன ஊர் இருக்கிறது. 1659-ல் செய்த உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, அந்தப் பள்ளத்தாக்கில் 33 கிராமங்களைப் பிரான்சுக்குக் கொடுக்க ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. லிவியா நகரம் என்ற தகுதி பெற்றிருந்தது. "நாங்கள் தருவதாகச் சொன்னது கிராமங்களை, இது நகரம்" என்று ஸ்பெயின் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இன்றைக்கும் அது சுற்றிலும் பிரான்ஸ் இருக்க, ஸ்பெயினுக்குச் சேர்ந்த ஊராக இருக்கிறது. ஒரு சொல்லுக்காக ஒரு ஊர் தீவாகிவிட்டது. வங்காளத்தில் கூச்பிகார் பக்கம் இதைவிடச் சிக்கல். இந்தியாவுக்குச் சேர்ந்த 111 துண்டுகள் வங்கதேசத்துக்குள்ளும், வங்கதேசத்துக்குச் சேர்ந்த 51 துண்டுகள் இந்தியாவுக்குள்ளும் கிடந்தன. கூச்பிகார் ராஜாவும் ரங்க்பூர் அதிகாரியும் சதுரங்கம் ஆடி, ஊர்களைப் பணயம் வைத்து இழந்ததால் வந்தது என்று ஒரு கதை உண்டு. அது கதைதான். உண்மையான காரணம் நம்முடையதைப் போல, முகலாயர் காலத்தில் ஊர் ஊராகப் பிரிந்த வருவாய் உரிமை. 1974-ல் ஒப்பந்தம் போட்டு, 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் அவற்றை மாற்றிக்கொண்டார்கள். அதுவரை அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், மின்சாரம், போலீஸ் எதற்கும் எந்த அரசிடம் போவது என்றே தெரியாத நிலை. உங்கள் கதைக்கு இப்படி ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தால், சுவாரசியத்தோடு இந்தத் துன்பத்தையும் எழுத வேண்டியிருக்கும்.

சரி, எல்லா எல்லையும் ஊர்ப்பட்டியலிலிருந்துதான் வருமா என்று கேட்டால், மாறுபட்டதுபோல் தோன்றும் ஓர் உதாரணம் என் ஊரிலேயே இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து ஒரு பெரிய பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம்வரை என்று ஒப்பந்தம். அப்படியே சுட்டு, அந்த வீச்சுக்குள் வந்த ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. இதுவரை உறுதியான செய்தி. கடலூரில் இருக்கும் குண்டு சாலை, பக்கத்துக் குண்டு உப்பலவாடி ஆகிய பெயர்களையும் இந்தக் குண்டோடு சேர்த்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். அதைச் செவிவழிச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. குண்டு ஒரு வயலின் நடுவில் விழுந்தால் அந்த வயலைப் பாதியாக வெட்டவில்லை. குண்டு எட்டிய ஊர் முழுசாகக் கம்பெனிக்குப் போயிற்று. பீரங்கியை வைத்து அளந்தாலும், கடைசியில் கிடைத்தது மறுபடி ஊர்களின் பட்டியல்தான்.

அதே பீரங்கி அளவை கடலுக்கும் போயிருக்கிறது. கரையை ஆளும் அரசுக்குக் கடல் எதுவரை சொந்தம் என்ற கேள்விக்கு, ஆயுதத்தின் வலிமை முடியும் இடத்தில் ஆட்சியும் முடிகிறது என்று பின்கர்ஷூக் என்ற டச்சுச் சட்ட அறிஞர் 1702-ல் எழுதினார். கடலூரில் சுட்டு 12 வருடம் கழித்து. பிற்பாடு அது 3 கடல்மைல் என்று வழக்கமாயிற்று. இன்றைக்கு நம் நாட்டுக்கு 12 கடல்மைல், சுமார் 22 கிலோமீட்டர், 1976-ல் போட்ட சட்டப்படி. கடலில் ஊர் இல்லை, வரப்பு இல்லை, அதனால் அங்கே மட்டும் எல்லை உண்மையிலேயே கோடு. அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாத மீனவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார். காரைக்கால் மீனவர் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது உங்கள் ஆற்றுக்கு வருகிறேன். வரைபடத்தில் ஆறு எல்லையாக அழகாக இருக்கும். பழைய பாட்டிலும் உண்டு. பாண்டிநாட்டு எல்லையைச் சொல்லும் தனிப்பாடல் "வெள்ளாறு அது வடக்கு" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் பாசனம் பார்க்கிற நாட்டில் ஆற்றின் இரண்டு கரையும் ஒரே குடும்பம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கிருந்து பங்காரு வாய்க்கால் பிரிந்து போய் நிரப்புவது புதுச்சேரியில் இருக்கும் பாகூர் ஏரியை. மதகைத் திறப்பது ஓர் அரசு, நாற்று நடுவது இன்னோர் அரசின் குடிமக்கள். ஊசுடு ஏரி இன்னும் ஒரு படி மேல், ஏரிக்கு நடுவிலேயே எல்லை போகிறது. இரண்டு அரசும் தங்கள் தங்கள் பாதியைத் தனித்தனியாகப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தன. பறவைக்கு என்ன தெரியும். அப்புறம் ஆறு ஒரே இடத்தில் கிடப்பதும் இல்லை. பெருவெள்ளம் வந்த வருடத்துக்குப் பிறகு கரையோரப் புலங்களை அளக்கப் போனால், பட்டாவில் இருக்கும் நிலம் ஆற்றுக்குள் போயிருக்கும், எதிர்க்கரையில் யாருக்கும் பட்டா இல்லாத புது மணல்திட்டு முளைத்திருக்கும். ஆற்றை எல்லையாக வைப்பதென்றால் வையுங்கள். ஆனால் ஒரு வெள்ளத்தையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். சண்டை தானாக வந்து சேரும்.

எல்லையோரத்து மனிதர்களுக்கு எல்லை எப்படித் தெரிகிறது என்பதற்கு என் அனுபவம் ஒன்று. இரண்டு மாநில அளவர்களும் சேர்ந்து நின்று பார்க்கும் கூட்டுப்புலத் தணிக்கை ஒன்றில், பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இருவரை நிலத்தின் அளவைக் கேட்டேன். எங்கள் பக்கத்துக்காரர் 40 செண்ட் என்றார். அந்தப் பக்கத்துப் பெரியவர் 30 குழி என்றார். புதுச்சேரிப் பக்கம் ஒரு குழி என்பது 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரத்தை விரித்தால் அங்கே கடஸ்தர் (பிரெஞ்சு நிலப் பதிவேடு) எண், எக்டேர், ஆர், சென்டியார் என்று வேறு மொழி. அடுத்த வயலின் பத்திரத்தில் ஏக்கர், செண்ட். இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால், ஒரே மண். மாறியது அந்த நிலத்தை எழுதி வைத்திருக்கும் புத்தகம். அரசு என்றால் கோட்டையும் படையும்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் அரசின் விரல்நுனி அந்தப் பதிவேடுதான். எந்தப் புத்தகத்தில் உன் நிலம் ஏறியிருக்கிறதோ அந்த அரசின் குடி நீ. இது என் முடிவு, வரலாற்று அறிஞர்கள் இதை வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

அடுத்தது, துண்டு துண்டான நாடு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது. உங்கள் கதைக்கு இதுதான் உயிர் என்று நினைக்கிறேன். ஒரு துண்டு பிழைத்திருக்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் பெரிய அரசுக்கு அதனால் பயம் இருக்கக் கூடாது. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு 1814-ல் செய்த உடன்படிக்கையில், இந்தியாவில் திரும்பக் கிடைக்கும் இடங்களில் கோட்டை கட்டுவதில்லை, ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவைத் தாண்டிப் படை வைப்பதில்லை என்று பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. புதுச்சேரியும் 1816-ல் அவர்கள் கைக்குத் திரும்பியது. அதற்கு முந்தைய நூறு சொச்சம் வருடத்தில் டச்சுக்காரர் ஒரு முறையும் ஆங்கிலேயர் பல முறையும் பிடித்த ஊர் அது. 1761-ல் பிடித்தபோது நகரத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பல்லைப் பிடுங்கிய பிறகு 138 வருடம் யாரும் கைவைக்கவில்லை. அந்த வலுவின்மைதான் காவலாக இருந்தது.

அந்தத் துண்டுகள் மூச்சுவிட்ட காற்றும் மற்றவர் தயவில் வந்ததுதான். 1941-ல் பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டு, சரக்கு தடையில்லாமல் போய்வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் இந்தியா அதை முடித்துக்கொண்டது. ஊருக்கு ஊர் சுங்கச்சாவடி வந்ததும், இடையிடையே இந்தியக் கிராமங்கள் கிடக்கும் ஒரு பகுதியில் அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும் அல்லவா? அரசின் கையும் அப்படியே. நெட்டப்பாக்கம் இந்திய நிலத்தால் சூழப்பட்ட துண்டு. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் போலீஸ் அங்கே போக வேண்டுமென்றால் இந்திய மண்ணை மிதித்துத்தான் போக வேண்டும், இந்தியா விடாது. 1954 மார்ச் கடைசியில் விடுதலை இயக்கத்தார் அந்த ஊரைக் கைப்பற்றிக் கொடி ஏற்றியபோது அதைத் தடுக்க யாராலும் வர முடியவில்லை. ஜூனில் ஏனாம் போயிற்று, ஜூலையில் மாஹே போயிற்று. தலைநகரிலிருந்து தூரமாக, துண்டாகக் கிடந்தவை முதலில் கழன்றன. அக்டோபர் 18 அன்று கீழூரில், எல்லையோரக் கிராமம் ஒன்றில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்புதல் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருடம் ஆள்வது ஒருவர், தாளில் சொந்தக்காரர் இன்னொருவர். இப்படி ஓர் இடைக்காலத்தைக் கதைகளில் யாரும் அதிகம் எழுதுவதில்லை. நீங்கள் எழுதலாம்.

எல்லைக்கோட்டைப் புதிதாகவே போட வேண்டிய நேரங்களிலும் பழைய ஊரெல்லைகள் தலைகாட்டுவதைப் பார்க்கலாம். 1947-ல் பிரிவினை எல்லையை வகுக்க ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் இந்தியாவுக்கு வந்து ஐந்தே வாரத்தில் பஞ்சாப், வங்காளம் என்ற இரண்டு மாகாணங்களைப் பிரித்தபோது, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மாவட்ட, தாலுகா, காவல்நிலைய எல்லைகளைத்தான் பின்பற்றினார். வேறு எதைப் பிடித்துக்கொள்வார்? தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இடையே எல்லை திருத்தியபோது, கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மையினர் பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்துப் பிரிப்பது என்று, அதற்கு நடுவராக இருந்த படாஸ்கர் ஒரு முறை வகுத்தார். ம.பொ.சி. முதலானவர்கள் போராடிக் கேட்ட திருத்தணி 1960-ல் அப்படித்தான் நமக்கு வந்தது. 1783-க்கும் 1960-க்கும் உள்ள முக்கிய வேறுபாடு அந்த நிலத் தொடர்ச்சி என்ற விதிதான். ஊர்தான் அலகு என்பது இரண்டிலும் ஒன்று. தொடர்ச்சி வேண்டும் என்று யாராவது கேட்கிறார்களா என்பதை வைத்தே உங்கள் நாடு துண்டாக இருக்குமா ஒன்றாக இருக்குமா என்று முடிவாகும். வருவாய் மட்டும் போதும் என்கிற அரசனுக்குத் தொடர்ச்சி தேவையில்லை. சுங்கம் வாங்கவும் போலீசை அனுப்பவும் ஆசைப்படுகிற அரசுக்குத் தேவை.

கடைசியாக உங்கள் கதாநாயகன் ஓட்டம். நிற்பார்கள், ஆனால் நின்ற இடத்திலிருந்து வேறு வேலையை ஆரம்பிப்பார்கள். 1908-ல் பாரதியார் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தார். பிரிட்டிஷ் போலீஸ் அங்கே வந்து அவரைக் கைது செய்ய முடியாது. அதற்காகச் சும்மா இருக்கவில்லை. ஊருக்குள் ஒற்றர்களை வைத்தார்கள். புதுச்சேரியில் அச்சிட்ட "இந்தியா" இதழ் பிரிட்டிஷ் பகுதிக்குள் வரக் கூடாது என்று தடுத்தார்கள், 1910-ல் இதழ் நின்றுபோயிற்று. ஆளைப் பிடிக்காமலே அவர் குரல் வெளியே வரும் வழியை அடைத்துவிட்டார்கள். பத்து வருடம் அப்படி இருந்தார். 1918 நவம்பர் 20-ல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியவரைக் கடலூர் அருகே கைது செய்து, கடலூர்ச் சிறையில் வைத்து, டிசம்பர் 14-ல் விட்டார்கள். பத்து வருடம் கழித்தும் எல்லைக்கு இந்தப் பக்கம் அவர் பெயர் பதிவேட்டிலேயே இருந்திருக்கிறது. இந்தப் பக்கத்துக்காரனான எனக்கு அந்தச் சிறை வழியாகப் போகும்போதெல்லாம் மனசு கனக்கும். உங்கள் கதாநாயகன் தாண்டியபின் முதல் இரவு நிம்மதியாகத் தூங்கட்டும். இரண்டாம் நாள் அவனுக்கு யார் சோறு போடுகிறார்கள், யார் வேலை தருகிறார்கள், அவன் எழுதும் கடிதம் யார் கை வழியாகப் போகிறது என்று எழுத ஆரம்பியுங்கள். எல்லை வேலை செய்வது அங்கேதான்.

2020-ல் ஊரடங்கின்போது இதை நானே கண்டேன். அதுவரை எங்கள் பக்கத்தில் பலருக்கு எல்லை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. சாலையில் தடுப்பு வைத்து இ-பாஸ் கேட்க ஆரம்பித்ததும், தாய்வீடு அந்தப் பக்கமும் வாழ்க்கைப்பட்ட வீடு இந்தப் பக்கமும் இருந்த பெண்கள் தவித்துப்போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, முட்டிவலி மாத்திரை வாங்க வழக்கமாகப் போகும் மருந்துக்கடைக்குப் போக முடியாமல் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தார். கடைக்காரப் பையன் நடந்து வந்து தடுப்புக்கு மேலாக மாத்திரையை நீட்டினான். காவலுக்கு நின்றவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் வீடும் அந்தப் பக்கம்தானோ என்னவோ.

ஐரோப்பிய உதாரணங்களில் நான் படித்தவன் மட்டும்தான். பாலைவனம், பனிப்பிரதேசம் போன்ற, நிலையான ஊரே இல்லாத நாடுகளுக்கு என் கணக்குப் பொருந்தாது. உங்கள் கற்பனை நாட்டில் உழவர்கள் இருந்தால் பொருந்தும். அப்படியென்றால் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு ஓர் ஐம்பது ஊரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நெல் யாருக்குப் போகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வழக்கு யாரிடம் போகிறது என்று மூன்றே குறிப்பு. மூன்றுக்கும் ஒரே அரசனின் பெயர் வருகிற ஊர்கள் உள்நாடு. மூன்றுக்கும் வேறு வேறு பெயர் வருகிற ஊர் எதுவோ, உங்கள் கதை அங்கே நடக்கட்டும். ஒரு நாள் நேரம் கிடைத்தால் சொர்ணாவூர் அணைக்கட்டில் இறங்கி, பங்காரு வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொண்டு பாகூர் ஏரிவரை நடந்து பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். எந்த இடத்தில் மாநிலம் மாறியது என்று கேட்க வேண்டுமென்றால், வயலில் இருப்பவரிடம் நிலம் எவ்வளவு என்று கேளுங்கள். செண்ட் என்றால் இன்னும் இந்தப் பக்கம், குழி என்றால் தாண்டிவிட்டீர்கள்.